கழுத்தைப் பாருங்கள், அடியைப் பாருங்கள்: ரோமானிய வாசனைக் குப்பிகளுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

ரோமானியப் பேரரசின் பொருட்களை வைத்திருக்கும் எந்தப் பெரிய அருங்காட்சியகத்துக்குப் போனாலும், ஓர் அலமாரி நிறையச் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள் இருக்கும். விரல் நீளத்தில் சில, ஒரு சாண் உயரத்தில் சில. வருகிறவர்கள் அவற்றின் மேல் மினுங்கும் வானவில் நிறத்தைப் பார்த்து ரசித்துவிட்டு, அடுத்த அறையின் சிலைகளைப் பார்க்கப் போய்விடுவார்கள். அந்த அலமாரியின் முன் அரை மணி நேரம் நிற்கத் தயாராக இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒவ்வொரு குப்பியும் எப்படிச் செய்யப்பட்டது, ஏறக்குறைய எந்தக் காலத்தது, உள்ளே என்ன இருந்திருக்கும் என்பதை ஓரளவு நீங்களே சொல்லக் கற்றுக்கொள்ளலாம்.

இவற்றில் பெரும்பாலானவை வாசனைத் தைலமும் அழகுப் பொருளும் அடைத்து விற்ற சாதாரணக் கலன்கள். ஊதுகிறவர் சில நிமிடங்களில் ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பார். அதனால் கருவி பட்ட தடம், மடித்த விளிம்பு, கோணிய கழுத்து எல்லாம் அப்படியே தங்கிவிட்டன. செதுக்கி மெருகேற்றிய ஆடம்பரக் கிண்ணத்தில் அந்தத் தடயங்களைத் தேய்த்து அழித்திருப்பார்கள். கற்றுக்கொள்ள வருகிறவருக்கு அவசரத்தில் செய்த குப்பிதான் நல்ல ஆசான் என்பது என் கருத்து.

ஒரு நோட்டும் பென்சிலும் போதும். கைபேசி விளக்கை அடிக்கலாமா என்று காவலரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நேரில் போக வழியில்லாதவர்கள் நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகம், மெட்ரோபாலிட்டன், பிரிட்டிஷ் மியூசியம் ஆகியவற்றின் இணையத் தொகுப்புகளில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தே இதையெல்லாம் செய்யலாம்.

முதல் படி: இது ஊதிச் செய்ததுதானா?

கண்ணாடி ஊதும் கலைக்கு முன்பே வாசனைக் குப்பிகள் இருந்தன. உலோகக் கம்பியின் நுனியில் களிமண் கலவையால் ஒரு கரு பிடித்து, அதன்மேல் உருகிய கண்ணாடியைப் பூசி, ஆறிய பிறகு உள்ளே இருக்கும் மண்ணைச் சுரண்டி எடுப்பார்கள். இந்த வகைக் குப்பிகள் தடிமனாக, பெரும்பாலும் கருநீலமாக, மேலே மஞ்சளும் வெள்ளையுமாக வளைந்து வளைந்து ஓடும் கோடுகளோடு இருக்கும். ஒளி ஊடுருவாது. உட்புறம் சொரசொரப்பாகத் தெரியும். இப்படி ஒன்றைப் பார்த்தால் அது பழைய முறை என்று குறித்துக்கொண்டு நகருங்கள்.

ஊதும் முறை கி.மு. முதல் நூற்றாண்டில் கிழக்கு மத்தியதரைக் கடலோரத்தில், இன்றைய இஸ்ரேல், லெபனான், சிரியா பகுதியில் பிறந்தது. எருசலேமின் யூதக் குடியிருப்புப் பகுதியில் தொல்லியலாளர் நஹ்மான் அவிகாத் நடத்திய அகழாய்வில் ஒரு பட்டறையின் கழிவுக் குவியல் கிடைத்தது. அதில் ஒரு முனையை மூடி ஊதிப் பார்த்த கண்ணாடிக் குழாய்கள் இருந்தன. உலோக ஊதுகுழாய் இல்லாமல், கண்ணாடிக் குழாயையே ஊதுகுழாயாக்கிய ஆரம்ப முயற்சி அது. அதன்பின் மாற்றம் வேகமாக நடந்தது. ரோமில் ஒரு செப்புக் காசுக்குக் கண்ணாடிக் கோப்பை வாங்கலாம் என்று புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார்.

ஊதிய குப்பியின் சுவர் மெல்லியது, ஒளி புகும், உள்ளே காற்றுக் குமிழிகள் தெரியும். ஊதியவற்றிலேயே இன்னொரு பிரிவு உண்டு: அச்சுக்குள் வைத்து ஊதியவை. திராட்சைக் குலை, பேரீச்சம்பழம், இரண்டு பக்கமும் முகம் வைத்த தலை என்று புடைப்பு உருவம் கொண்ட குப்பி என்றால் அது அச்சு வேலை. பக்கவாட்டில் அச்சின் பாகங்கள் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஓடுகிறதா என்று தேடுங்கள். முதல் நூற்றாண்டில் என்னியோன் என்ற கைவினைஞர் 'என்னியோன் செய்தான்' என்று கிரேக்கத்தில் தன் அச்சிலேயே பெயர் பொறித்துக்கொண்டார். தைலக் குப்பி செய்தவர்களில் பெயர் தெரிந்தவர்கள் அபூர்வம் என்பதால், அச்சுக் கலன்களில் எழுத்து கண்ணில் பட்டால் நின்று பாருங்கள்.

இரண்டாம் படி: கழுத்து, வாய், அடி

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். வேலை நடந்த வரிசை மனதில் இருந்தால் தடயங்கள் தானாகக் கண்ணில் படும்.

ஊதுகுழாயின் நுனியில் உருகிய கண்ணாடியை உருண்டையாகச் சுருட்டி எடுக்கிறார்கள். வழுவழுப்பான கல்லிலோ தகட்டிலோ உருட்டி வடிவம் கொடுக்கிறார்கள். ஊதுகிறார்கள். குழாயைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டு ஆட்டினால் எடை இழுத்துக் கழுத்து நீள்கிறது. இடுக்கி போன்ற கருவியால் கழுத்தின் அடியில் இறுக்குகிறார்கள். பிறகு குழாயிலிருந்து பிரித்து, வாயைத் திரும்பச் சூடாக்கி மடிக்கிறார்கள். கடைசியில் சூட்டறையில் மெல்ல ஆறவிடுகிறார்கள். அவசரமாக ஆறினால் வெடித்துவிடும். குரோவேஷியாவின் அசேரியா போன்ற இடங்களில் கிடைத்த முதல் நூற்றாண்டு மண் விளக்குகளில், உலையின் முன்னால் உட்கார்ந்து ஊதுகிறவரின் உருவமே பொறிக்கப்பட்டிருக்கிறது. உலை சிறியது, ஆட்கள் இருவர். பட்டறை என்றதும் பெரிய தொழிற்கூடத்தைக் கற்பனை செய்ய வேண்டாம்.

இனி குப்பியைப் பாருங்கள். கழுத்தில் இருக்கும் காற்றுக் குமிழிகள் உருண்டையாக இருக்கின்றனவா, நீளமாக இழுபட்டிருக்கின்றனவா? நீளமாக இருந்தால் கண்ணாடி அந்தத் திசையில் இழுக்கப்பட்டிருக்கிறது. உடலும் கழுத்தும் சேரும் இடத்தில் இடுப்பு போல ஒரு குறுகல் இருக்கிறதா? அது இடுக்கியின் வேலை. அதற்குப் பயனும் உண்டு. தைலம் கடகடவென்று கொட்டாமல் சொட்டுச் சொட்டாக இறங்கும். மணம் பறந்து போவதும் குறையும்.

அடுத்து வாய். மலிவான குப்பிகளில் விளிம்பை வெளியே விரித்து, மேலே தூக்கி, உள்ளே மடித்துத் தட்டையாக்கியிருப்பார்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் மடிப்புக்குள் சிக்கிய காற்று ஒரு வளையமாகத் தெரியும். சிலவற்றில் விளிம்பு வெறுமனே வெட்டி நெருப்பில் காட்டி உருட்டப்பட்டிருக்கும். தட்டையான அகல விளிம்பு அழகுக்காக மட்டும் வந்ததாக நான் நினைக்கவில்லை. வழியும் துளியை விரலால் தொட்டு எடுக்க அது வசதி. மூடியைத் துணியால் சுற்றிக் கட்டினால் நூலுக்குப் பிடிமானமும் கிடைக்கும்.

கடைசியாக அடி. வாயை வேலை செய்ய வேண்டுமானால் குப்பியை வேறு பக்கத்தில் பிடிக்க வேண்டும் அல்லவா? அதற்கு அடியில் ஒரு கம்பியை ஒட்டவைப்பது உண்டு. பான்ட்டில் என்று சொல்வார்கள். பிரித்த பிறகு அடியில் வட்டமான வடு நிற்கும். முதல் நூற்றாண்டின் சின்னக் குழாய்க் குப்பிகள் பலவற்றில் இந்த வடு கிடையாது. ஆகவே வடு இல்லையே, இது போலியோ என்று பயப்பட வேண்டாம். நல்ல அருங்காட்சியகங்கள் அடி தெரியும்படி கண்ணாடித் தட்டில் வைத்திருக்கும். இல்லையென்றால் குனிந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை.

மூன்றாம் படி: நிறம்

முதல் நூற்றாண்டுக்குப் பிறகு மிக அதிகமாகக் கிடைப்பது வெளிர் நீலப்பச்சை. இதற்கு யாரும் சாயம் சேர்க்கவில்லை. மணலில் இயல்பாக இருக்கும் இரும்பு தருகிற நிறம் அது. கருநீலத்துக்குக் கோபால்ட், கத்தரிப்பூ நிறத்துக்கு மாங்கனீசு. நிறமே இல்லாமல் செய்ய ஆன்டிமனியோ மாங்கனீசோ சேர்த்தார்கள். பளிங்கு போல நிறமற்றதுதான் உயர்ந்தது என்று முதல் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார்.

குப்பி ஊதிய பட்டறையே கண்ணாடியையும் காய்ச்சியது என்று நினைத்துக்கொள்வது புதியவர்களிடம் சகஜம். இரண்டும் வேறு தொழில். பெலுஸ் ஆற்று முகத்துவார மணல் போன்ற கடற்கரை மணலும், எகிப்தின் வாதி நத்ரூன் பள்ளத்தாக்கில் எடுத்த நேட்ரான் என்னும் சோடா உப்பும் சேர்த்துப் பெரிய உலைகளில் கண்ணாடிப் பாளங்களாக உருக்கினார்கள். அவற்றை உடைத்துக் கப்பலில் ஏற்றினார்கள். பிரான்ஸின் தென்கரையில் எம்பியே தீவருகே மூழ்கிய கப்பலில் இந்தக் கச்சாக் கண்ணாடி டன் கணக்கில் கிடைத்தது. ஊருக்கு ஊர் இருந்த சின்னப் பட்டறைகள் அதை வாங்கி மறுபடி உருக்கி ஊதின. உடைந்த பழைய கண்ணாடியும் அதே உலைக்குத்தான் போனது. கி.பி. 301-இல் பேரரசர் டயோக்ளீஷியன் போட்ட விலைக்கட்டுப்பாட்டு ஆணையில் அலெக்சாண்டிரியக் கண்ணாடி ஒரு ராத்தல் 24 தினாரி (ரோமானிய நாணயம்), பச்சைச் சாயல் கொண்ட யூதேயக் கண்ணாடி 13 தினாரி. நிறம் குறையக் குறைய விலை ஏறியது.

நம் பக்கத்துக்கும் இந்தச் சரக்கு வந்தது. முதல் நூற்றாண்டின் பெரிப்ளஸ் என்ற கிரேக்க வணிகக் கையேடு, முசிறிக்கு வந்த இறக்குமதிகளில் கச்சாக் கண்ணாடியையும் சேர்த்துச் சொல்கிறது.

நான்காம் படி: வடிவத்தை வைத்துக் காலம்

எல்லா வடிவத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆரம்பத்துக்கு ஐந்தாறு போதும். அருங்காட்சியகக் குறிப்பில் 'இசிங்ஸ் 8', 'இசிங்ஸ் 82' என்று எண் போட்டிருந்தால், அது டச்சு ஆய்வாளர் கிளாசினா இசிங்ஸ் 1957-இல் வெளியிட்ட வகைப்பாட்டு எண். காலம் உறுதியாகத் தெரிந்த கல்லறைகளிலும் இடிபாடுகளிலும் கிடைத்தவற்றை வைத்து அவர் வரிசைப்படுத்தினார். இன்னும் எல்லோரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

எண் 8 குழாய் வடிவம். கழுத்தடியில் இறுக்கிய தடத்தோடு, நேராக நிற்கக்கூட மாட்டாமல் இருக்கும். முதல் நூற்றாண்டு. எண் 82 மெழுகுதிரித் தண்டு வகை: நீண்ட கழுத்து, கீழே மணி போலவோ வட்டு போலவோ விரிந்த சிறு உடல். முதல் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி மூன்றாம் நூற்றாண்டு வரை வருகிறது. இதைப் பார்க்கும்போது உள்ளே எவ்வளவு கொள்ளும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். உயரம் நிறைய, சரக்கு கொஞ்சம். இன்றைய சென்ட் பாட்டில்காரர்களுக்கும் தெரிந்த வித்தைதான்.

எண் 61 குளியலறைக்குப் போகும் எண்ணெய்க் குப்பி. உருண்டை உடல், குட்டைக் கழுத்து, தோளில் இரண்டு காது. காதில் வெண்கலச் சங்கிலியோ கயிறோ மாட்டி மணிக்கட்டில் தொங்கவிட்டுக்கொள்வார்கள். ரோமானியர்கள் எண்ணெய் தேய்த்து, வளைந்த உலோகச் சுரண்டியால் அழுக்கோடு வழித்தெடுப்பார்கள். அந்தச் சுரண்டியும் இந்தக் குப்பியும் ஒன்றாகவே கிடைப்பது உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது எண் 11, பறவைக் குப்பி. வட இத்தாலியிலும் சுவிட்சர்லாந்தின் தெற்கிலும் முதல் நூற்றாண்டில் புழங்கியது. பறவை வடிவில் ஊதி, பொடியையோ தைலத்தையோ உள்ளே நிரப்பி, வால் நுனியை நெருப்பில் காட்டி மூடிவிடுவார்கள். மூடியே கிடையாது. வேண்டும்போது வாலை ஒடித்துக்கொள்ள வேண்டியதுதான். அதனால்தான் அருங்காட்சியகங்களில் இருக்கும் பறவைகள் பலவற்றுக்கு வால் இல்லை. அது பிற்காலச் சேதம் என்று எண்ணிவிடாதீர்கள். வாங்கியவர் பயன்படுத்தியதன் அடையாளமாக இருக்கலாம்.

நான்காம் நூற்றாண்டு முதல் கிழக்குப் பகுதியில் பரவியது இரட்டைக் குழாய்க் குப்பி. ஒரே நீளக் குழாயை நடுவில் மடித்து இரண்டாக ஒட்டவைத்தது. மேலே கூடைக் கைப்பிடி, பக்கவாட்டில் சுற்றிய கண்ணாடி இழை. இது கண் மைக்கானது. உள்ளே வெண்கல மைக்குச்சி சிக்கியபடியே கிடைத்த குப்பிகளும் உண்டு.

ஐந்தாம் படி: உள்ளே என்ன இருந்தது?

ரோமானிய வாசனைப் பொருளை இன்றைய ஸ்ப்ரேயோடு சேர்த்து யோசித்தால் குழம்பிவிடும். சாராயத்தில் கரைத்த வாசனை அன்று கிடையாது. எல்லாம் எண்ணெய். நம் அத்தர் கடைக் குப்பியை நினைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட சரியாக இருக்கும்: கெட்டியான திரவம், ஒரு துளி போதும், தொட்டுப் பூச வேண்டும். பிஞ்சு ஆலிவ் எண்ணெய், எள்ளெண்ணெய், முருங்கைக் குடும்பத்து விதை எண்ணெய் ஆகியவற்றில் ரோஜா, லில்லி, குங்குமப்பூ, லவங்கப்பட்டை என்று ஊறவைத்தார்கள். எண்ணெய் கெடாமல் இருக்க உப்பு, மணம் நிலைக்கப் பிசின், நிறத்துக்கு இங்குலிகம் என்னும் சிவப்புக் கனிமம் என்று பிளினி பட்டியல் போடுகிறார். சில தைலங்கள் ராத்தலுக்கு 400 தினாரிக்கும் மேல் போயின என்று சொல்லிவிட்டு, பூசிக்கொண்டவருக்கே அந்த மணம் தெரியாதே என்று குத்தலும் வைக்கிறார். இதே பிளினி தைலத்தைப் பாதுகாக்கச் சிறந்தது அலபாஸ்டர் கல் கலன்தான் என்றும் எழுதினார். மலிவும் ஒளி ஊடுருவும் தன்மையும் கண்ணாடியின் பக்கம். சந்தையும் அதன் பக்கமே போனது.

இத்தாலியின் கபுவா நகரத்தில் இருந்த செப்லாசியா, தைல வியாபாரிகளால் பெயர்பெற்ற இடம். பொம்பேயில் 'ஹவுஸ் ஆஃப் த வெட்டி' (House of the Vettii) எனப்படும் வீட்டின் சுவரோவியத்தில் சிறகு முளைத்த குழந்தைகள் எண்ணெய் பிழிந்து, கலக்கி, வாங்க வந்த பெண்ணுக்குக் காட்டுகிறார்கள். முழுத் தொழிலும் ஒரே பட்டையில் வரைந்திருப்பதால் குப்பிகளைப் பார்ப்பதற்கு முன் அந்தப் படத்தை ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள். மூலப்பொருளில் ஒரு பங்கு நம் துறைமுகம் வழியாகப் போனது. வியன்னாவில் இருக்கும் இரண்டாம் நூற்றாண்டு முசிறிப் பாப்பிரஸ் ஆவணம், ஹெர்மப்போலோன் என்ற கப்பலில் கங்கைப் பகுதிச் சடாமாஞ்சில் என்ற வாசனை வேர் ஏறியதைக் கணக்கோடு சொல்கிறது.

இவை 'கண்ணீர்க் குப்பி' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கல்லறைகளில் நிறையக் கிடைத்ததால், துக்கம் காத்தவர்கள் அழுது பிடித்த கண்ணீர் என்று பழைய ஆய்வாளர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். உள்ளே ஒட்டியிருந்தவற்றை ஆராய்ந்தபோது தெரிந்தது எண்ணெயும் கொழுப்பும் அழகுப் பொடியும்தான். பிணத்துக்குத் தைலம் பூசி, குப்பியையும் கூடவே வைத்தார்கள். சிலவற்றைச் சிதையில் எறிந்தார்கள். உருகி நெளிந்துபோன குப்பிகளைக் கண்டால் அந்தச் சிதையின் சூடுதான் காரணமாக இருக்கக்கூடும்.

மணம் எப்படி இருந்தது என்பதற்கு அபூர்வமாக நேரடிச் சான்று கிடைக்கிறது. ஸ்பெயினின் கார்மோனாவில் 2019-இல் திறந்த கல்லறை ஒன்றில், கண்ணாடித் தாழிக்குள் ஒரு சிறு குப்பி மூடியோடு இருந்தது. டோலமைட் கல் மூடி, இடைவெளியை அடைக்கத் தார் போன்ற கீல். உள்ளே இருந்தது பச்சௌலி என்ற மணமுள்ள இலையின் வாசனை என்று 2023-இல் கோர்டோபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். இந்தக் குப்பி மட்டும் கண்ணாடி இல்லை, இயற்கைப் படிகக் கல்லில் குடைந்தது.

ஆறாம் படி: வானவில்லை ஒதுக்கிவையுங்கள்

எல்லோரையும் இழுக்கும் அந்த மினுமினுப்பு ரோமானியர் செய்த வேலை அல்ல. மண்ணின் ஈரம் நூற்றாண்டுக் கணக்கில் கண்ணாடியின் மேற்பரப்பிலிருந்த சோடாவைக் கரைத்து எடுத்துவிட, மெல்லிய சிலிக்கா அடுக்குகள் மிஞ்சுகின்றன. அந்த அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது நிறம் பிரிகிறது. உண்மை நிறம் தெரிய வேண்டுமானால் அடுக்கு உரிந்த இடத்தைத் தேடுங்கள். 1890-களில் அமெரிக்கக் கண்ணாடிக் கலைஞர் லூயி கம்ஃபர்ட் டிஃபனி இந்த மினுமினுப்பைப் பார்த்து மயங்கித்தான் தன் ஃபவ்ரில் கண்ணாடியைச் செய்தார். அவர் நகலெடுத்தது சிதைவின் அழகை.

ஏழாம் படி: வாங்க ஆசைப்பட்டால்

முதலில் ஒரு நகலை வாங்குங்கள். ரோமானிய முறையில் இன்றும் ஊதி, நகல் என்று வெளிப்படையாகச் சொல்லி விற்கும் கைவினைஞர்கள் இருக்கிறார்கள். கையில் பிடித்து, எண்ணெய் ஊற்றி, ஒரு துளி இறக்கிப் பார்த்தால் கழுத்தின் கணக்கு புரியும். அசலில் இதைச் செய்யவே கூடாது.

அசல்தான் வேண்டும் என்றால் அழகைக் கேட்பதற்கு முன் வரலாற்றைக் கேளுங்கள். எந்தத் தொகுப்பில் இருந்தது, எந்த ஆண்டு ஏலத்தில் விற்றது, தாள் இருக்கிறதா? கலைப்பொருள் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை 1970-இல் வந்தது; அதற்கு முன்பே வெளியே வந்ததற்கான சான்றைத்தான் பொறுப்பான வியாபாரிகளும் அருங்காட்சியகங்களும் பார்ப்பார்கள். சிரியாவிலிருந்து 2011 மார்ச்சுக்குப் பிறகு சட்டவிரோதமாக எடுத்த தொல்பொருட்களின் வணிகத்தை ஐ.நா. பாதுகாப்பு அவை 2015-இல் தடைசெய்தது. இந்தக் குப்பிகளில் கணிசமானவை அந்தப் பகுதிக்குரியவை என்பதால் இது வெறும் சம்பிரதாயக் கேள்வி கிடையாது. 'பழைய ஐரோப்பியத் தொகுப்பு' என்று மட்டும் எழுதி, பெயரும் ஆண்டும் தராத விளம்பரத்தைத் தாண்டிப் போய்விடுங்கள். விலை குறைவு என்பதற்காகத் தாள் இல்லாததை வாங்குவது கல்லறையைத் தோண்டுகிறவனுக்குக் கூலி கொடுப்பதாகிவிடலாம்.

போலியைப் பற்றி: எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பூசிய மினுமினுப்பு, உட்புறத்திலும் மடிப்புக்குள்ளும் அரிப்பு இல்லாமல் வெளியே மட்டும் பழமை, கையில் எடுத்தால் எதிர்பாராத கனம் இவையெல்லாம் சந்தேகத்துக்குரியவை. அசலில் அரிப்பு ஒழுங்கில்லாமல் பரவியிருக்கும். ஒட்டுப்போட்ட இடங்கள் புறஊதா விளக்கில் வேறு நிறமாகக் காட்டிக்கொடுக்கும். படத்தை மட்டும் வைத்து யாராலும் உறுதி சொல்ல முடியாது. அப்படிச் சொல்கிறவரிடமும் எச்சரிக்கையாக இருங்கள்.

வாங்கியாயிற்று என்றால் கழுவாதீர்கள். மினுங்கும் அடுக்கு தண்ணீரிலும் துணியிலும் உரிந்து வந்துவிடும். உள்ளே ஒட்டியிருக்கும் மண்ணில் தைலத்தின் எச்சம் இருக்கலாம். கழுத்தைப் பிடித்துத் தூக்காமல் இரண்டு கையாலும் அடியைத் தாங்கி எடுங்கள். வெயில் படும் சன்னல், சூடான விளக்கு, ஈரம் ஏறி இறங்கும் அறை மூன்றும் ஆகாது.

எங்கே பார்க்கலாம்?

ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் உள்ள ரோமானிய-ஜெர்மானிய அருங்காட்சியகத் தொகுப்பு மிகப் பெரியது. அந்த ஊரே ரோமானியர் காலத்தில் கண்ணாடி ஊதும் மையமாக இருந்தது. குரோவேஷியாவின் ஸதார் நகரத்தில் பழங்காலக் கண்ணாடிக்கென்றே 2009-இல் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். ஊதிக் காட்டும் பட்டறையும் உண்டு. கார்னிங் அருங்காட்சியகம் பழைய முறைகளைச் செய்துகாட்டும் காணொளிகளை இலவசமாகவே வெளியிட்டிருக்கிறது. முதலில் ஒரு காணொளி, அப்புறம் ஒரே வகையில் பத்துக் குப்பிகளின் படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தையும் பக்கவாட்டுக் கோட்டுருவமாக நோட்டில் வரைந்து, பக்கத்தில் விளிம்பு, இறுக்கம், அடி, நிறம் என்று நான்கு குறிப்பு எழுதுங்கள். எண் 82-இல் தொடங்குவது சுலபம். எல்லாத் தொகுப்பிலும் கிடைக்கும், ஒன்றைப் போல ஒன்று இருக்காது.